பதினோரு கேள்வி பதில்கள்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைக் கத்தரி அக்கா என்று கூப்பிட்டார்கள். காரணம் அவள் வேலை. ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தரிகள், இடுக்கிகள், கத்திப் பிடிகள் எல்லாம் ஒரு சின்ன லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கி வரும். அவள் எண்ணி வாங்கிக் கழுவுவாள். மூட்டு மூட்டாகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். கத்தரி வெட்டுகிறதா என்று துண்டுத் துணியில் வெட்டிப் பார்ப்பாள். பிறகு தட்டில் அடுக்கி, நீலத் துணியில் பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவாள். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டால் பெட்டிக்குள் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். மேலே அனுப்பும்முன் இன்னொரு தடவை எண்ணுவாள். வந்ததும் போவதும் ஒத்துப்போக வேண்டும். ஒரு இடுக்கி குறைந்தால், யாருடைய வயிற்றுக்குள்ளாவது இருக்குமோ என்று மேலே எல்லாருக்கும் வியர்த்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

நாற்பத்தொன்பது வயது. கணவன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டான், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள், "சரி, வச்சிடட்டா?" என்பான்.

தூசி வரக்கூடாது என்பதால் வேலை அறையின் கதவு எப்போதும் மூடியே இருக்கும். ஒருநாள், எண்ணுகிற பழக்கத்தில், காலையிலிருந்து சாயங்காலம் வரை எத்தனை வார்த்தை பேசுகிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். முப்பத்தி நாலு. அதில் 'வந்துடுச்சு' மட்டும் ஒன்பது. அப்புறம் அவள் அதை எண்ணவே இல்லை.

அந்த அறையில் அவளுக்குத் துணை பாட்காஸ்ட்தான். அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. வீட்டில் இறக்கி, விரல் நீளத்துக்கு இருந்த ஒரு ப்ளேயரின் கார்டில் ஏற்றிக்கொண்டு வருவாள். மேற்பார்வை நர்ஸ் ஒரு காதுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். வானம், வரலாறு, வழக்குகள் என்று பல நிகழ்ச்சிகள் இருந்தன. ஆனால் அவளுக்கு உயிர், 'கழட்டி மாட்டு'. ஒரு அக்காவும் தம்பியும் நடத்தியது. அக்கா தையல் மெஷின் பழுது பார்ப்பவர், தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாரம் ஒரு பொருளை மேசையில் வைத்துக் கழட்டுவார்கள். கழட்டும்போதே சண்டை போடுவார்கள். "நட்டை எங்கடா வச்ச?" "நீதான் வாயில வச்சிருந்த." ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம்கூட அதில் இருக்கும். கத்தரி அக்கா முகமூடிக்குள் சிரித்துக்கொள்வாள்.

தம்பிக்கு அவளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ஆனாலும் அவள் மனசுக்குள் அவரும் தம்பிதான். அந்த அக்கா அப்படித்தானே கூப்பிடுகிறார்!

ஒரே ஒரு தொல்லை, ஃபைல்களின் பெயர். இறக்கும்போது ஒவ்வொன்றும் எழுத்தும் எண்ணுமாக நாற்பது எழுத்து நீளத்துக்கு வரும். ப்ளேயர் அந்தப் பெயர் வரிசையில்தான் பாடும். அதனால் 'கழட்டி மாட்டு' அறுபதாவது வாரம் முடிந்ததும் வானம் வரும், பிறகு ஒரு கொலை வழக்கு, பிறகு 'கழட்டி மாட்டு' ஒன்பதாவது வாரம். எது எங்கே இருக்கிறது என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

லேபிள் பிரிண்டர் மக்கர் பண்ணிய ஒருநாள் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். எல்லாருக்கும் அவர் கம்ப்யூட்டர் சார். பிரிண்டரை முடித்துவிட்டு, மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்தார்.

"என்னக்கா இது, யாரோ கீபோர்டு மேல உக்காந்து எழுந்திருச்ச மாதிரி?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"இதையா கையால எழுதிட்டு இருக்கீங்க? ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் நிகழ்ச்சி பேர், தேதி, தலைப்பு எல்லாம் இருக்கும். வெளியில தெரியாது, அவ்வளவுதான். பத்து வரியில ஒரு ப்ரோகிராம் எழுதித் தரேன். அது உள்ள இருக்கிறதைப் படிச்சு, அதையே வெளியில பேரா வச்சிடும். ஒரு நிமிஷ வேலை."

"தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கு சார்."

"ஒம்பதாயிரம் இருந்தாலும் அதே ஒரு நிமிஷம்தான்."

வெள்ளிக்கிழமை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். "முதல்ல எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்து வச்சுக்குங்க. அப்புறம் ஓட விடுங்க. எடுத்துருவீங்கல்ல?"

"எடுத்துட்டேன் சார்," என்றாள்.

எடுக்கவில்லை. அவள் லேப்டாப்பில் அவ்வளவு இடம் இல்லை. எல்லாம் அந்த ஒரே கார்டில்தான் இருந்தது. இன்னொரு பென் டிரைவ் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு நிமிஷ வேலைக்கு இவ்வளவு ஏற்பாடா என்றும் தோன்றியது.

சனிக்கிழமை காலை துணி உலர்த்திவிட்டு வந்து ப்ரோகிராமை ஓட விட்டாள். திரையில் பெயர்கள் மளமளவென்று ஓடின. குப்பை போல் கிடந்தவை எல்லாம் நிகழ்ச்சி, தேதி, தலைப்பு என்று வரிசையில் வந்து நின்றன. 'கழட்டி மாட்டு – இஸ்திரிப் பெட்டி', 'கழட்டி மாட்டு – சத்தம் போடும் மின்விசிறி'. அவளுக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. அறையில் அவளும் ஈரத் துணிகளும்தான்.

அப்புறம் வழக்கப்படி எண்ணிக்கையைப் பார்த்தாள். தொள்ளாயிரத்து ஒன்று.

மறுபடி பார்த்தாள். அதே தொள்ளாயிரத்து ஒன்று.

நோட்டை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் சரியாக இருந்தன. 'கழட்டி மாட்டு' மட்டும் நூற்று முப்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் நூற்று இருபது. இடையிடையே நேயர்களின் கேள்விகளுக்கு அக்காவும் தம்பியும் பதில் சொன்ன பன்னிரண்டு பகுதிகள் இருந்தன. இப்போது 'கேள்வி பதில்' என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது.

கம்ப்யூட்டர் சாருக்குப் போன் போட்டாள். அவர் மிஞ்சிய ஃபைலின் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பன்னிரண்டுக்கும் ஒரே தலைப்பு வச்சு, தேதி போடாம விட்டிருக்காங்க அக்கா. அப்போ பன்னிரண்டுக்கும் ஒரே பேர்தான் வரும். ஒண்ணு மேல ஒண்ணு எழுதி, கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும். நான் அதை யோசிச்சிருக்கணும், என் தப்புதான். பரவாயில்ல, காப்பியிலேர்ந்து எடுத்துக்கலாம்."

அவள் நோட்டை மூடினாள்.

"அக்கா?"

"காப்பி எடுக்கல சார்."

"எடுத்துட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "சரி, எங்கேர்ந்து இறக்கினீங்களோ அங்கேர்ந்து அந்தப் பதினொண்ணை மறுபடி இறக்கிக்குங்க," என்றார்.

அவள் அந்த இணையப் பக்கத்தைத் தேடிப் போனாள். பக்கமே இல்லை. அந்த இடத்தில் யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கேயாவது கிடைக்குமா என்று பதற்றத்தில் கண்டதையும் இறக்கி அதே கார்டில் போட்டுப் பார்த்தாள். அழிந்தவை கிடந்த இடத்தின் மேலேயே புதியவை ஏறி உட்கார்ந்தன. திங்கட்கிழமை கம்ப்யூட்டர் சார் எவ்வளவோ முயன்றும் ஒன்பது விநாடிச் சிரிப்பு ஒன்றுதான் மீண்டது. அது யார் சிரிப்பு என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிஞ்சியதையாவது முதலிலிருந்து வரிசையாகக் கேட்போம் என்று ஆரம்பித்தாள். இப்போதுதான் வரிசை இருக்கிறதே! முதல் வாரத்தில் இரண்டு பேருக்கும் மைக் முன்னால் பேசத் தெரியவில்லை. இருபதாவது வாரத்தில் சண்டை பிடிபட்டுவிட்டது. ஐம்பதுக்கு மேல் தம்பி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் புலம்பினார். எண்பதில் கல்யாணம் முடிந்தது. நாலு வருஷமாகத் துண்டு துண்டாகக் கேட்ட குடும்பம், மூன்று வாரத்தில் அவள் காதுக்குள் ஒழுங்காக வளர்ந்தது. நூற்றுப் பத்தாவது வாரத்தில் தம்பி அடிக்கடி தொண்டையைச் செருமினார். "என்னடா, பல்லி மாதிரி சத்தம் போடுற?" என்று அக்கா கேலி செய்தார்.

நூற்றுப் பத்தொன்பதில் அக்கா, "இன்னைக்கு நான் மட்டும்தான்," என்று ஆரம்பித்தார்.

இந்த வரியைக் கத்தரி அக்கா முன்பும் கேட்டிருக்கிறாள். கலைந்த வரிசையில் எப்போதாவது அது வரும். தம்பிக்கு அன்றைக்கு வெளியே வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்து வருவதில் தம்பி பேசிக்கொண்டிருப்பார், கவலை தீர்ந்துவிடும். இப்போது அடுத்ததைப் போட்டாள். "இன்னைக்கும் நான் மட்டும்தான்." அதற்கடுத்தது. "நான் மட்டும்தான் பேசறேன்." இப்படிப் பதிமூன்று வாரம். ஏன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடைசி வாரம் ஒரு சுவர்க் கடிகாரம். அதை மாட்டி முடித்த பிறகு, டிக் டிக் என்ற சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் ஓடவிட்டிருந்தார். அதற்குப் பின் ஒன்றுமில்லை. தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது, அவள் மொத்தமாக இறக்கிய அதே மாதம்.

கத்தரி அக்கா கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தினமும் தன்னோடு இருந்தவர்கள் என்றோ பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது தெரியாமல் தான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். லிஃப்ட் மணி அடித்தது. மேலிருந்து இன்டர்காமில் குரல் வந்தது. "அக்கா, தட்டு வந்துச்சா?"

"வந்துடுச்சு," என்றாள்.

ஒவ்வொரு வாரமும் முடிவில் அந்த அக்கா மெயில் முகவரியை எழுத்துக் கூட்டிச் சொல்வார். அது அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை மூன்று தடவை அழித்தாள். கடைசியில் அனுப்பியது இதுதான்: 'நான் உங்கள் நேயர். ஆஸ்பத்திரியில் வேலை. தம்பி நலமா? இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.'

பதினாறு நாள் ஒன்றும் வரவில்லை. பதினேழாவது நாள் ஒரு வரி வந்தது. 'உங்களிடம் பழைய நிகழ்ச்சிகள் இருக்கின்றனவா? உங்கள் போன் நம்பர் தரவும்.'

நம்பரை அனுப்பிய அன்றைக்குச் சாயங்காலமே போன் அடித்தது.

"நான் தையல் மெஷின் அக்கா பேசறேன்."

அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அது அவளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது பழக்கமில்லை.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்கா."

"தம்பி நல்லா இருக்கான். உயிருக்கு ஒண்ணும் இல்ல. தொண்டையில ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. பேச்சு இல்ல இப்போ. சிலேட்டுல எழுதிக் காட்டுவான். இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்கான். நீங்க பேசறதை ஸ்பீக்கர்ல கேக்கறான்."

ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில், தம்பி ஒரு கோபத்தில் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். தன் குரல் எங்கேயும் கேட்கக்கூடாது என்று பக்கத்தையும் மூடச் சொல்லிவிட்டாராம். அக்காவும் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை வயசு ஆகிறது. போன மாதம் அது எல்லாரையும் பார்த்து வாய் ஓயாமல் பேசிவிட்டு, தாத்தாவிடம் வந்ததும் உதட்டை மட்டும் அசைத்துக் காட்டியதாம், சத்தமில்லாமல்.

"தாத்தா பாஷை அதுதான்னு நினைச்சுக்கிச்சு," என்றார் அக்கா. "அன்னைக்குத்தான் சிலேட்டுல எழுதினான், பழசு ஏதாவது கிடைக்குமான்னு. நாங்களும் கேக்காத ஆள் இல்ல. யார்கிட்டயும் இல்லம்மா."

"என்கிட்ட இருக்குக்கா," என்றாள் கத்தரி அக்கா. "நூத்தி இருபது இருக்கு. வரிசையா, பேரோட."

அந்தப் பக்கம் சிலேட்டில் பல்பம் உரசுகிற சத்தம் கேட்டது. "நூத்தி முப்பத்தொண்ணு போட்டோமேன்னு எழுதறான். அவனுக்கு எல்லாத்துலயும் கணக்கு பேசணும்."

'நான் இறக்கும்போதே அவ்வளவுதான் இருந்தது' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சாரிடம் சொன்ன ஒரு பொய்யின் விலை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"பதினொண்ணை நான் அழிச்சுட்டேன்கா. போன மாசம்தான். பேர் மாத்தறேன்னு ஒரு ப்ரோகிராம் ஓட விட்டேன். காப்பி எடுக்கச் சொன்னாங்க, எடுக்கல. கேள்வி பதில் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடுச்சு. நாலு வருஷமா பத்திரமா வச்சிருந்தேன்கா. ஒரே நிமிஷத்துல..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அந்தப் பக்கம் பல்பச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"'நான் மொத்தத்தையும் அழிச்சவன். பதினொண்ணு அழிச்சவங்க என் முன்னால அழக்கூடாது'ன்னு எழுதியிருக்கான்," என்று அக்கா படித்தார்.

மறுநாளே கம்ப்யூட்டர் சார் உட்கார்ந்து நூற்று இருபதையும் அனுப்பி வைத்தார். அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தை தாத்தாவின் குரலைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்த் தேடியது என்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது. கத்தரி அக்கா அதைப் பத்து தடவை படித்தாள். இனி அவர்கள் கூப்பிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, அந்தக் கேள்வி பதில்லாம் நீங்க எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?"

"ஒவ்வொண்ணும் இருபது, இருபத்தஞ்சு தடவை இருக்கும்."

"அப்போ அதுல என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்குமில்ல? எங்களுக்குச் சுத்தமா நினைவில்ல. சொல்லுங்களேன். தம்பி கேக்கணுமாம்."

அவள் சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி. மிக்ஸியில் பிளேடு சுற்றவில்லை என்று ஒருவர் கேட்டதும், 'நீங்க ஸ்விட்சைப் போட்டீங்களா?' என்று தம்பி கேட்டதும், அதற்கு அக்கா அவர் தலையில் குட்டிய சத்தம் பதிவானதும். நாற்பது நிமிஷம் பேசினாள். வைத்த பிறகு தொண்டை வலித்தது. அவ்வளவு பேச்சு அது பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. வெந்நீர் வைத்துக் குடித்தாள்.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒன்று. மற்ற ஆறு நாளும் முன்போலத்தான் போயின. லிஃப்ட், தட்டு, நீலத் துணி, வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போடுகிற சத்தம். வாரம் முழுக்க அவள் நினைவைத் தோண்டி, கேள்வி எது, பதில் எது, யார் எங்கே சிரித்தார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தாள். அக்கா அவளை 'நீங்க' என்பதை விட்டு 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

எட்டு வாரத்தில் எட்டு முடிந்தது. மீதி மூன்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எதில் என்ன இருந்தது என்பதே ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒன்பதாவது ஞாயிறு நெருங்க நெருங்க நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தீர்ந்துபோச்சு என்று சொன்னால், 'சரிம்மா, ரொம்ப நன்றி' என்பார்கள். அதோடு முடிந்துவிடும். யாரும் தப்பு சொல்ல முடியாது.

போன் அடித்தது.

"ம், இன்னைக்கு எது?" என்றார் அக்கா.

"தண்ணி பம்பு," என்றாள் கத்தரி அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஒருத்தர் கேட்டிருந்தார்கா, மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலன்னு. நீங்க, காத்து அடைச்சிருக்கும்னு சொன்னீங்க. தம்பி, அதெல்லாம் இல்ல, வால்வுதான்னு சண்டை போட்டார். அப்புறம் அந்த ஆள் மறுபடி எழுதியிருந்தார், பம்புக்குள்ள ஒரு தவளை..."

பல்பம் கிறீச்சிட்டது. அவள் நிறுத்தினாள்.

அக்கா மெதுவாகப் படித்தார். "'நான் பம்பு வேலை தொட்டதே இல்ல. கேள்வி வந்தாலும் தெரியாதுன்னு சொல்லி ஒதுக்கிடுவேன்.'"

கத்தரி அக்காவுக்குக் காதெல்லாம் சுட்டது. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தாள். "மன்னிச்சிடுங்கக்கா. தீர்ந்துடுச்சு. போன வாரமே தீர்ந்துடுச்சு. கூப்பிடறதை நிறுத்திடுவீங்களோன்னு..."

பல்பம் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதியது. அக்கா அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். நாலு வருஷமாக ஒரு காதில் கேட்ட அதே சிரிப்பு.

"என்னக்கா எழுதறார்?"

"அந்தத் தவளை என்ன ஆச்சுன்னு கேக்கறான். மேல சொல்லு."